அருணோதயம் ஃப்ளாட்ஸ் திரும்பிய வருஷம்

ஆதம்பாக்கத்தில் எங்கள் அருணோதயம் ஃப்ளாட்ஸ் திரும்பத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில். அதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் சங்கத்தின் செயலாளர் கோதண்டபாணி, ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் சூரியனோடு தினமும் நேருக்கு நேர் நின்று பழகியவர் அவர் ஒருவர்தான். முதல் மாடியில் கிழக்குப் பார்த்த வீடு அவருடையது, கிழக்குப் பார்த்தது என்பதற்காகவே கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர், வாங்கிய நாளிலிருந்து விடிந்ததும் பால்கனியில் நின்று வெயிலை நெஞ்சில் வாங்கிக் கும்பிடுகிறவர். அன்றைக்குக் கும்பிட்டபோது வெயில் நெஞ்சில் விழாமல் வலது தோள்பட்டையில் விழுந்தது. அவர் முதலில் சூரியனைச் சந்தேகப்பட்டார், அப்புறம் தன் முதுகெலும்பை, அப்புறம் காலண்டரை. கட்டடத்தைச் சந்தேகப்பட அவருக்கு ஐந்து நாள் ஆயிற்று.

"சூரியன் நகர்ந்திருக்கு" என்றார் மனைவி குமுதவல்லியிடம்.

"நகராம என்ன பண்ணும்?" என்றார் குமுதவல்லி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

ஆறாம் நாள் அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, நூல் பிடித்துப் பார்த்து, மத்தியானம் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதத்தைக் குத்தினார்: 'கட்டடம் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. உறுப்பினர்கள் ஒத்துழைக்கவும்.'

கீழே கார்கள், மேலே இரண்டு மாடி, மாடிக்கு நான்கு வீடு, திசைக்கு ஒன்று. கிழக்கே தெரு, அதில் இஸ்திரி வண்டியும் இரண்டு மருந்துக்கடைகளும். தெற்கே ஏரி, தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம் உள்ள ஏரி. மேற்கே பரங்கிமலை, அதன் தோளை ஒட்டி இறங்கும் விமானங்கள். வடக்கே மூன்றடி தள்ளி ஒரு சுவர், பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுச் சுவர். நான் முதல் மாடியில் மேற்கு வீட்டுக்காரன். மலை எனக்கு இலவசமாக வந்ததுபோல் நினைத்துக்கொண்டிருந்தவன்.

இன்ஜினீயர் ஒருவர் மஞ்சள் தொப்பியோடு வந்தார். இந்த மூன்றடி இடைவெளியில் கட்டடம் திரும்பினால் மூலை மண்டபத்துச் சுவரில் இடித்தே ஆக வேண்டும், இடிக்கவில்லை, ஆகவே திரும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதையும் கோதண்டபாணி பலகையில் குத்தினார்; பலகையும் எங்களோடு திரும்பிக்கொண்டிருந்தது. கோயில் குருக்கள் வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திரும்புவதைக்கூட மன்னிக்கலாம், அப்பிரதட்சணமாகத் திரும்புகிறதே என்று வருத்தப்பட்டார். குழாய்கள் முறுக்கிக்கொள்ளவில்லை, மின்கம்பிகள் அறுந்துவிடவில்லை, தண்ணீர் லாரிக்காரர் மட்டும் சம்ப் மூடி போன வாரம் இருந்த இடத்தில் இல்லையே என்று முணுமுணுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் மூன்று மாதத்துக்கு ஒரு திசை, வருஷத்துக்கு ஒரு முழுச் சுற்று என்று தெரிந்தது. தெரிந்ததும் எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி வந்தது, ஏனென்றால் எதற்கும் ஒரு கால அட்டவணை இருந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள்.

அப்படித்தான் நாங்கள் பழகிக்கொண்டோம். துணி காயப்போடும் கொடி மாதம் ஒருமுறை இடம் மாறியது. டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிவிட ஒருவர் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் பால்காரர் மாதிரி வந்துபோனார். வீட்டுத் தரகர்கள் 'ஐப்பசியில் கிழக்கு, தையில் வடக்கு' என்று விளம்பரம் கொடுத்தார்கள். இஸ்திரிக்காரர் துணி வேண்டுமா என்று குரல் கொடுக்கும்போது மாடியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "இந்த வாரம் இந்தப் பக்கம் யாரு இருக்கீங்களோ அவங்க" என்று கூப்பிட்டார்.

வாஸ்து பார்க்கிறவர் மட்டும்தான் நிலைகுலைந்து போனார். அக்னி மூலையில் இருந்த அடுப்பு ஈசானிய மூலைக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் தொழிலையே விட்டு உறவினர் ஒருவரோடு பெயின்ட் கடை வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

எல்லோரும் பொறாமையும் சந்தோஷமுமாகப் பார்த்தது திலகவதியை. வடக்குப் பார்த்த முதல் மாடி வீடு அவருடையது, அதாவது சுவர் பார்த்த வீடு. ஐம்பதைத் தொடப்போகிறவர், தனியாக இருந்தார், புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிற தொழில். பகலெல்லாம் ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் தையல் மெஷினில் குனிந்திருப்பார், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் கரி படிந்த சுவர். அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்கள் குரலைத் தாழ்த்துவோம். இப்போது அந்த ஜன்னல் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை மேற்கே நகர்ந்து, வைகாசி நடுவில் முதன்முதலாக ஒரு வெயில் கீற்று அவர் தைக்கிற புடவைமேல் விழுந்தது. குமுதவல்லி சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கடைசில உனக்கும் ஒரு விடிவு வந்துடுச்சு திலகா. ஆடி பொறந்தா மலை உனக்குத்தான்."

"ஆமாக்கா" என்றார் திலகவதி. அவர் முகத்தில் இருந்தது என்ன என்று அன்றைக்குக் குமுதவல்லிக்குப் புரியவில்லை.

அதைத் திலகவதி பின்னால் சொன்னதை வைத்துத்தான் நான் சொல்கிறேன். அந்தச் சுவரில், திலகவதியின் ஜன்னலுக்கு நேர் எதிரே, புகை போக ஒரு வென்டிலேட்டர் இருந்தது, முறம் அளவு. அதற்குப் பின்னால் குற்றாலலிங்கம் மாஸ்டர் இருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், அந்த மண்டபத்தில் இருபது வருஷமாகத் தலைமைச் சமையல். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் அவருக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போயின. கொத்துமல்லியும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வெளியே சொன்னால் மறுநாளே வேறு மாஸ்டர் வந்துவிடுவார். படைப்பதற்கு முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று அவரே ஆட்களுக்குப் போட்டிருந்த கட்டளை வேறு, அதனால் அவர்களையும் கேட்க முடியாது. ஒருநாள் சாம்பார் கொதிக்கும்போது எதிர் ஜன்னலில் இருந்து ஒரு பெண்குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது: "இன்னிக்குப் பெருங்காயத்தையே மறந்துட்டாங்க."

மாஸ்டர் பெருங்காயம் போட்டார். மறுநாள் வென்டிலேட்டர் வழியாகக் கேட்டார்: "தாயி, ஜன்னல்ல இருக்கியளா? இன்னைக்கு எப்படி இருக்கு?"

அப்படித் தொடங்கியது. உப்புக்கு வாசனை கிடையாது என்பார்கள், திலகவதிக்கு உண்டு. உப்புப் போடாத குழம்பு கொதிக்கும்போது ஒரு வெறுமை வாசனை வரும் என்பார் அவர். ஏழு வருஷமாக முகூர்த்த நாட்களில் அவர் தைத்துக்கொண்டே சொல்லுவார், மாஸ்டர் கேட்டுக்கொண்டே போடுவார். அந்த மண்டபத்துச் சாப்பாட்டுக்குச் சென்னையில் பெயர் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் ஜன்னல் கம்பி, அந்தப் பக்கம் புகை. அவர் இவரை ஜன்னலம்மா என்றார், இவர் அவரை மாஸ்டர் என்றார்.

ஆனி மாதத்தில் ஜன்னல் வென்டிலேட்டரைத் தாண்டிப் போய்விட்டது. திலகவதி கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பேசிப்பார்த்தார். அந்தப் பக்கம் மாஸ்டர், "ஜன்னலம்மா, சத்தம் தேயுதே, எங்க போறிய?" என்று கேட்டது காதில் விழுந்தது, கட்டடம் திரும்புகிறது என்று இவர் சொன்னது அங்கே விழுந்ததா தெரியவில்லை. அந்த ஆனியில் மண்டபத்தில் ஐந்து கல்யாணங்கள் நடந்தன, ஐந்திலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. மண்டபத்துக்காரர் நாகரத்தினம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாராம். பேசியிருந்தால்கூடத் தேவலை என்று மாஸ்டர் பின்னால் சொன்னார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்தபோது வென்டிலேட்டருக்கு எதிரே வந்து நின்றது கோதண்டபாணியின் பால்கனி.

அவர் அந்த மூன்று மாதங்களை ஜெயில்வாசம் மாதிரி எதிர்பார்த்திருந்தார். சுவரைப் பார்க்க மாட்டேன் என்று பால்கனிக்குக் கித்தான் திரை போட்டார், புகையைப் பற்றி நாகரத்தினத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் முகூர்த்தத்தன்று காலையில் அவர் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சுவர் பேசியது.

"ஜன்னலம்மா! வந்துட்டியளா? ரெண்டு மாசமா கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கேன். சாம்பாரைப் பாத்துச் சொல்லுங்க, உப்பு எப்படி?"

கோதண்டபாணி வாழ்நாள் முழுக்க யாராவது தன்னிடம் கருத்துக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மனிதர். தான் ஜன்னலம்மா இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்த்தார். ரத்தக் கொதிப்புக்காக ஒன்பது வருஷமாக அரை உப்புச் சாப்பிடுகிறவர், ஊறுகாய் பாட்டிலைத் தூரத்தில் பார்த்தாலே நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்.

"ஜாஸ்தி" என்றார், கனமான குரலில்.

"தாயிக்குத் தொண்டை கட்டியிருக்கோ?" என்றது சுவர், அப்புறம் சாம்பாரில் இரண்டு குடம் தண்ணீர் விடுகிற சத்தம். ரசத்துக்கும் ஜாஸ்தி என்றார், கூட்டுக்கும் ஜாஸ்தி என்றார், பாயசத்துக்கு டயாபடீஸை நினைத்து மிகவும் ஜாஸ்தி என்றார். பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் கவளத்திலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இரண்டாவது கவளத்தில் எழுந்துவிட்டார்கள், கூச்சல் எங்கள் மூன்று திசைக்கும் கேட்டது. மலையைப் பார்த்தபடி தைத்துக்கொண்டிருந்த திலகவதி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார், படி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, நடையைத் தாண்டி வந்து கோதண்டபாணி வீட்டுக் கதவைத் தட்டினார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல்தடவை.

"சார், நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"எவர்கிட்ட?"

திலகவதி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார், மாஸ்டரின் மூக்கைப் பற்றியும் நாக்கைப் பற்றியும், வெளியே தெரிந்தால் அவர் என்ன ஆவார் என்பதைப் பற்றியும், சொல்லும்போது தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே. கோதண்டபாணிக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"சங்க விதிப்படி ஒருத்தர் வீட்டு பால்கனியை இன்னொருத்தர்..." என்று தொடங்கினார்.

குமுதவல்லி கித்தான் திரையைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றிக் கீழே போட்டார். "திலகா, நாளைக்கு முகூர்த்தம் இருக்கா? ஆறு மணிக்கு வந்துடு. கதவு திறந்திருக்கும். இவர் நாற்காலியை எடுத்துக்கோ."

அப்படி அந்தக் கதவு திறந்தது. ஒரு கதவு திறந்ததும் மற்றவை எப்படித் திறந்தன என்று யாரும் கவனிக்கவில்லை. கோதண்டபாணி தன் சூரியனைத் தேடிக்கொண்டு துண்டும் கையுமாக, அப்போது கிழக்கே போயிருந்த வீட்டுக்குக் காலையில் போகப் பார்த்தார். அதில் ஒரு சிக்கல்: முதல் மாடியில் கிழக்கே போயிருந்தது மஸ்கட்டில் இருக்கிற ஒருவர் பூட்டிப்போட்ட வீடு. மேலும் கீழும் இரண்டையும் வாங்கி உள்ளேயே படி வைத்து ஒன்றாக்கி, பூட்டிவிட்டுப் போனவர் எட்டு வருஷமாக வரவில்லை. ஆகவே செயலாளர் ஐப்பசி வரை மொட்டை மாடியில்தான் கும்பிட்டார். ஐப்பசியில் கிழக்கு என் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து தினமும் ஆறேகாலுக்கு என் பால்கனியில் ஒரு முதுகு தெரியும், நான் பல் தேய்த்துக்கொண்டே அந்த முதுகுக்கு வணக்கம் சொல்லுவேன். ஐப்பசி வரை நான் மலையைப் பார்க்கத் திலகவதி வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடிக்காரர்கள் வடாம் காயப்போட வெயில் இருக்கிற பக்கமெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாராவது வீட்டில் இல்லையென்றால் அவர்கள் வேறு திசையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் ஐப்பசியில் சுவர் போய்ச் சேர்ந்தது அந்தப் பூட்டிய வீட்டுக்கு. கார்த்திகையில் நாகரத்தினத்தின் சொந்த மகளுக்கு அந்த மண்டபத்திலேயே கல்யாணம். ஆவணிக் கூச்சலுக்குப் பிறகு அவர் மாஸ்டரிடம் ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார்: "இதுலயும் ஏதாவது ஆச்சுன்னா, மாஸ்டர், ஊருக்குப் போயிடுங்க."

"பூட்டை உடைச்சுடலாமே" என்றேன்.

"செயலாளரா நான் இருக்கறவரைக்கும் நடக்காது" என்றார் கோதண்டபாணி. பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "மொட்டை மாடி பொதுச் சொத்து. அங்க யார் நின்னாலும் யாரும் கேட்க முடியாது" என்றார்.

"சுத்தி வந்து சமையற்கட்டு வாசல்லயே நின்னா என்ன?" என்று குமுதவல்லி கேட்டார்.

"அங்க பத்து ஆளுங்க இருப்பாங்கக்கா. நான் போய் மோந்து பாத்தா அவருக்கு மூக்கு இல்லைன்னு நானே எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும். அதுவும் இல்லாம..." என்று நிறுத்திக்கொண்டார் திலகவதி. ஏழு வருஷம் ஜன்னலாக இருந்துவிட்டு ஆளாகப் போய் நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் நாலுபேரும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். கீழிருந்து ஆவி ஏறி வந்தது. திலகவதி கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கூட்டு சரி. ரசம் சரி. சாம்பார்..." அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "சாம்பார்ல உப்பே இல்லை. பயத்துல கையே வைக்கலை."

"மாஸ்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாதஸ்வரமும் தவிலும் அதை விழுங்கின. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். கோதண்டபாணியும் சேர்ந்து கூப்பிட்டார். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போனது, திலகவதி சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, அடிவயிற்றிலிருந்து, அவரிடம் அவ்வளவு குரல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாத ஒரு குரலில் கத்தினார். கத்திய அந்தக் கணத்தில் தாலி கட்டி முடிந்து மேளம் நின்றுவிட்டது.

"சாம்பாருக்கு உப்புப் போடுங்க!"

அந்த மண்டபத்துக் கூரை நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு திறப்பு உண்டு. குரல் அதன் வழியாக நேராக மணமேடைமேல் இறங்கியது. எழுநூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அட்சதை தூவின கைகள் அப்படியே நின்றன. மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் எழுந்து இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"அசரீரி!"

சமையற்கட்டில் ஆட்களெல்லாம் உப்புப் பானையை நோக்கி ஓட, மாஸ்டர் குறுக்கே நின்று, "ஒருத்தனும் தொடக் கூடாது, நான் போடுதேன்" என்று தடுத்தார். கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "எவ்வளவு, தாயி?"

"மூணு கை!"

"மூணு கை" என்றது மணமேடை. "மூணு கை, மூணு கை" என்றது கூடம் முழுவதும், ஐயரும் ஒருமுறை சொல்லிவிட்டு மந்திரத்துக்குத் திரும்பினார். அன்று பந்தியில் சாம்பாரை மூன்றாம் தடவை கேட்டு வாங்கியவர்கள் உண்டு, தூக்குப் பாத்திரத்தில் பிரசாதமாகக் கொண்டுபோனவர்களும் உண்டு.

அடுத்த முகூர்த்தத்துக்குள் செய்தி தாம்பரம் தாண்டிவிட்டது. அசரீரி உள்ள மண்டபம் என்று தை மாசி பங்குனி மூன்றுக்கும் தேதி கிடைக்காமல் போயிற்று. நாகரத்தினம் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஒருநாள் எங்கள் மாடிப்படியேறி வந்து, உப்பு சரியாகவே இருந்தாலும் கல்யாணத்துக்கு ஒருதடவையாவது ஏதாவது சொல்லும்படி திலகவதியைக் கேட்டுக்கொண்டார்.

"சரியா இருந்தா என்னன்னு சொல்றது?"

"சரியா இருக்குன்னு சொல்லுங்கம்மா. அதைக் கேக்கத்தானே எல்லாரும் கல்யாணத்துக்கு வராங்க."

அசரீரி யார் என்று வெளியே தெரியக் கூடாது, ஆகவே மாஸ்டர் அந்தப் பக்கம் வாயைத் திறக்கக் கூடாது, இந்தப் பக்கம் பார்க்கவும் கூடாது என்று உத்தரவு. அவரை இனி ஊருக்கு அனுப்புகிற பேச்சே இல்லை. குரல் கேட்க வந்தவர்கள் எங்கள் கேட்டை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு, "இங்கதானே அசரீரி?" என்று கேட்பார்கள், பக்கத்துக் கட்டடம் என்று கை காட்டுவோம். கேட்டுக்கொண்டு நிற்கும்போதே எங்கள் கட்டடம் ஒரு மயிரிழை திரும்பியிருக்கும். அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

தையில் சுவர் என் வீட்டுக்கு வந்தது, திலகவதி வந்து நின்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிறகு மாடிக்குப் போய் உரக்கவும் சொன்னார். பங்குனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோதண்டபாணி, எங்கள் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்ட அங்கமுத்து மேஸ்திரியைச் செங்கல்பட்டில் தேடிப் பிடித்து அழைத்துவந்தார். மேஸ்திரி தூணில் காதை வைத்துக் கேட்டார், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நிறுத்திடலாம். எல்லாரும் ஒரே வாயா போதும்னு சொல்லணும். ஒருத்தர் சொல்லலைன்னாலும் நிக்காது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். கட்டடம் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்திருந்தது: கிழக்கு செயலாளருக்கு, மலை எனக்கு, சுவர் திலகவதிக்கு. இப்போது நிறுத்தினால் எல்லாம் வாங்கியபோது இருந்தபடி ஆகிவிடும். கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். கோதண்டபாணி தீர்மானத்தை வாசித்தார், தானே முதலில் "போதும்" என்றார். குமுதவல்லி அவரைப் பார்த்துவிட்டு "போதும்" என்றார். இரண்டாம் மாடிக்காரர்கள் சொன்னார்கள். மஸ்கட்காரர் போனில் மூன்று நொடி தாமதித்துச் சொன்னார். நானும் சொன்னேன், மலையை நினைத்துக்கொண்டு. சொன்னதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

திலகவதி மட்டும் பாக்கி. யாரோ, பாவம், அவருக்குத்தானே மறுபடியும் சுவர் என்று மெல்லச் சொன்னது கேட்டது. செயலாளர் அவர் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு ஜன்னல் எதிர்லயே அந்த வென்டிலேட்டர் கிடைச்சுடுதும்மா. மாடி ஏற வேண்டாம். உனக்கும் இதுதானே நல்லது?" என்றார். அது உண்மையும்கூட.

திலகவதி எழுந்து நின்றார்.

"சார், ஒரு வருஷமா எனக்கு மலை வந்துச்சு, ஏரி வந்துச்சு, தெரு வந்துச்சு. கிடைச்சுது கிடைச்சுதுன்னு நீங்கள்லாம் சொன்னீங்க. நான் ஒண்ணையும் பாக்கலை. மலை வந்தப்ப உங்க பால்கனியில நின்னேன். ஏரி வந்தப்ப மொட்டை மாடியில நின்னேன். தெரு வந்தப்ப இவர் வீட்டு ஜன்னல்ல. என் வீட்ல ப்ளேன் எறங்குறதை மத்தவங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. எனக்கு இன்னொரு சுத்து வேணும்."

போனில் மஸ்கட், "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க?" என்றது.

"மாஸ்டரை என்ன பண்ணுவே?" என்று குமுதவல்லி காதோடு கேட்டார்.

"அவரை நான் போய்ப் பாத்துக்கறேன்க்கா."

கோதண்டபாணி பேனாவை மூடினார், திறந்தார், தன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். குமுதவல்லி, "எழுதிக்குங்களேன்" என்றார். அவர் குனிந்து குறிப்பேட்டில் எழுதினார்: 'ஒரு சுற்று ஒத்திவைக்கப்பட்டது.' மேஸ்திரி டீயைக் குடித்துவிட்டு, போகும்போது தூணை ஒருதடவை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் திலகவதி சொல்லித்தான் தெரியும். அவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, மருந்துக்கடையைச் சுற்றி, மண்டபத்தின் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, சமையற்கட்டு வாசலில் போய் நின்றார். இருநூறு அடிகூட இருக்காது. அன்றைக்கு மண்டபத்தில் விசேஷம் எதுவும் இல்லை, ஆட்கள் லீவில் போயிருந்தார்கள், நாகரத்தினம் வீட்டு மத்தியானச் சாப்பாடு மட்டும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்கு அவர் ஆறடி உயரமும் பெரிய மீசையும் வைத்திருந்தார் மனதில். உள்ளே குள்ளமாக, ஒல்லியாக, கழுத்தில் துண்டோடு ஒருவர் தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வென்டிலேட்டர் வெகு உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெரிய அண்டா கவிழ்த்து வைத்திருந்தது, அதன் பின்புறத்தில் இரண்டு பாதங்கள் நின்று நின்று தேய்ந்து பளபளத்த இரண்டு தடங்கள்.

"மண்டபம் புக் பண்ணணும்னா ஆபீஸ் முன்பக்கம் இருக்கும்மா" என்றார் அவர், நிமிராமல்.

திலகவதிக்குச் சொல்ல வேறு ஒன்றும் வரவில்லை. "ரசத்துல மிளகு கொஞ்சம் கம்மி, மாஸ்டர்" என்றார்.

கத்தி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு எழுந்து கையைத் துண்டில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எவ்வளவு போட?"

"ஒரு ஸ்பூன்."

அவர் போட்டார். கலக்கினார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் திலகவதி. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எத்தனையோ கல்யாணங்களின் சாம்பாரும் ரசமும் பாயசமும் அவருக்குத் தெரியும், ஒன்றையும் அவர் ஒருதடவைகூடச் சாப்பிட்டதில்லை. யாரும் அவரை அழைத்ததில்லை.

மாஸ்டர் அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். இருநூறு நாற்காலிகள் காலியாகக் கிடந்த சாப்பாட்டுக் கூடம். நடு வரிசையில் ஒரே ஒரு நாற்காலிக்கு முன்னால் இலை போட்டார், தண்ணீர் தெளித்தார், பெரிய வீட்டுச் சம்பந்திக்குப் பரிமாறுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவந்து அதனதன் இடத்தில் வைத்தார், சோறு போட்டார். ரச வாளியையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்காமல், ஓரடி தள்ளி நின்றார்.

திலகவதி வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பேச முடியவில்லை. சோற்றின் நடுவில் விரலால் ஒரு குழி பறித்து, ஊற்றுங்கள் என்று கையைக் காட்டினார்.